உயிரணுவா, கலமா? – சப்பாத்திக்கள்ளியும் ஒரு கடற்பாசியும்

சுவீடன் நாட்டு இயற்கையறிஞர் கார்ல் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டு வெளியிட்ட தம் பெருநூலின் பத்தாம் பதிப்பில், வெப்பக் கடல்களின் பவளப்பாறைகளுக்கிடையே வளரும் ஒரு பச்சை உயிருக்கு ‘ஒபன்ஷியா’ என்று பெயரிட்டார். அது புதிய சொல்லன்று. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்திருந்த ஒரு கள்ளிச்செடிக்கு ஏற்கெனவே வழங்கிவந்த பெயர். நம் ஊர்களில் வேலியோரம் முள்ளோடு நிற்கும் சப்பாத்திக்கள்ளி அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். தட்டையான வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்தாற்போலக் கிளைத்துச் செல்லும் அந்தக் கடலுயிருக்குக் கள்ளியின் பெயரே பொருந்தும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. 1786இல் வெளியான எல்லிஸ், சொலாண்டர் ஆகியோரின் நூலில் அதன் நெருங்கிய உறவினம் ஒன்று ‘தூனா’ என்று பெயர் பெற்றது. ஸ்பானிய மொழியில் தூனா என்றால் கள்ளிப்பழம். இரண்டு முறை பெயரிட்டார்கள். இரண்டு முறையும் கள்ளிதான் கைகொடுத்தது. இன்று இவ்வுயிர்கள் ஹாலிமீடா என்னும் பேரினத்துள் அடங்கும். மன்னார் வளைகுடாவிலும் ஹாலிமீடா இனங்கள் உண்டு.

பெயர்கள் இப்படித்தான் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நடந்து செல்கின்றன. ஒபன்ஷியா என்ற சொல்லே ஒபுஸ் என்னும் பண்டைக் கிரேக்க ஊரின் பெயரிலிருந்து வந்தது. ஊரின் பெயர் செடிக்குப் போயிற்று. செடியின் பெயர் பாசிக்குப் போயிற்று. நான் வசிக்கும் மறைமலை நகரின் கதையும் இதைப் போன்றதே. வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று ஆக்கிக்கொண்டவர் ஓர் அறிஞர். அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் ஆன பிறகு சென்னைக்குத் தெற்கே எழுந்த ஒரு துணைநகரத்துக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. தனித்தமிழ் இயக்கத்தை 1916இல் தொடங்கியவரின் பெயரைச் சுமக்கும் ஊரில் வாழ்ந்துகொண்டு, சொற்களைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது எனக்குக் கூடவில்லை.

இக்கட்டுரையின் கவலையும் ஒரு சொல்லைப் பற்றியதுதான். சப்பாத்திக்கள்ளியின் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. அதைப் போலவே தோன்றும் ஹாலிமீடாவோ, முழு உடம்பும் ஒரே செல்லாக வாழும் உயிர். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ‘செல்’ என்பதற்கு நாம் தமிழ்நாட்டில் வழங்கும் ‘உயிரணு’ என்ற சொல் நம்மைத் தவறான திசையில் அழைத்துச் செல்கிறது என்பது புலப்படும். ஈழத்தமிழர் வழங்கும் ‘கலம்’ என்ற சொல்லே சரியானது, அதை நாமும் ஏற்க வேண்டும் என்பது என் துணிபு. ஏன் என்று சொல்கிறேன்.

*

நான் தாவரவியல் படித்தவனல்லன். ஆனால் ‘அதைப் போன்றது இது’ என்று ஒருவர் சொல்லும்போது அந்தப் பேச்சு எங்கள் எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஒப்புமையைச் சோதிப்பதற்குத் தொல்காப்பியம் உவமவியலில் நான்கு தளங்களை வகுத்துத் தந்திருக்கிறது: வினை, பயன், மெய், உரு. செயலால் ஒத்தல், விளைவால் ஒத்தல், வடிவால் ஒத்தல், நிறத்தால் ஒத்தல். காதலியின் இடையையும் மன்னனின் கொடையையும் அளப்பதற்கென்று நாம் ஒதுக்கி வைத்துவிட்ட இந்த அளவுகோல், கள்ளியையும் பாசியையும் அளக்கவும் நன்றாகவே உதவுகிறது.

முதலில் மெய். இருட்டில் கையால் தடவினாலும் தெரியக்கூடியது இந்த ஒப்புமை. சப்பாத்திக்கள்ளியின் தட்டையான பகுதிகள் இலைகளல்ல, தண்டுகள். இலைகள்தாம் முட்களாக மாறியிருக்கின்றன. ஒரு தண்டின் விளிம்பிலிருந்து அடுத்த தண்டு கிளம்பும். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மூட்டு. ஹாலிமீடாவிலும் இதே அமைப்புத்தான்: வில்லை, மூட்டு, மீண்டும் வில்லை. கள்ளி ஆளுயரம் வளரும், ஹாலிமீடா பெரும்பாலும் ஒரு சாணுக்குள் நின்றுவிடும் என்பதைத் தவிர, வரைபடத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

ஆனால் கத்தியால் வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் கதை வேறு. கள்ளியின் தண்டுக்குள் அறை அறையாகச் சுவர்கள். ஹாலிமீடாவின் வில்லைக்குள் சுவர்களே இல்லை. கிளைத்துக் கிளைத்துச் செல்லும் மெல்லிய குழல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. குழலின் நுனிகள் பருத்து, நெருங்கி, வில்லையின் மேற்பரப்பாகின்றன. அந்தக் குழல்கள் எல்லாம் உள்ளே ஒன்றுக்கொன்று திறந்தே இருக்கின்றன. எண்ணற்ற உட்கருக்களும் பசுங்கணிகங்களும் ஒரே பொதுநீரில் மிதந்து உலவுகின்றன.

இதை எங்கள் பகுதி வாசகர்களுக்கு விளக்குவது எளிது. ஒரகடத்தில் வண்டிகளைப் பூட்டும் பெருங்கூடங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: கதவு பொருத்துமிடம், இருக்கை பொருத்துமிடம், சக்கரம் பூட்டுமிடம் எல்லாம் தனித்தனி, இடையிலோ சுவரில்லை. ஒரே கூரை, ஒரே கூடம், ஆயினும் வேலை பிரிந்தே நடக்கிறது. அந்தக் கூடத்தில் உழைத்துவிட்டுத் திரும்பும் இளைஞர்கள் தங்குவதோ வரிசையாகக் கட்டப்பட்ட லைன் வீடுகளில். அங்கே பத்தடிக்கு ஒரு சுவர். கள்ளி லைன் வீடு, ஹாலிமீடா பெருங்கூடம். வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே உருவத்தில் எழுந்து நிற்க முடிகிறது என்பதுதான் வியப்பு.

அடுத்தது உரு, அதாவது நிறம். வெளிச்சம் இல்லாவிட்டால் இந்த ஒப்புமை இல்லை. கள்ளியும் பச்சை, பாசியும் பச்சை. இதை மேலோட்டமான ஒற்றுமை என்று தள்ளிவிடத் தோன்றும். உண்மை நேர்மாறானது. இரண்டிலும் இருப்பவை ஒரே வகைப் பச்சையங்கள். ஒளியை உணவாக்கும் அந்த ஆற்றல், இரண்டுக்கும் பொதுவான ஒரு தொல்முன்னோரிடமிருந்து வந்த சொத்து. ஆகவே நிறம் என்பது இங்கே இரத்த உறவு. வடிவமோ தற்செயல், தனித்தனி வழியில் இரண்டும் வந்து சேர்ந்த இடம்.

இதற்கு வேறொரு சான்றும் நம் மொழியிலேயே இருக்கிறது. சங்கப் பாடல்களில் பாலை நிலத்திலும் சுடுகாட்டிலும் நிற்கும் கள்ளி வேறு, சப்பாத்திக்கள்ளி வேறு. முன்னது இந்த மண்ணுக்குரியது. ஒடித்தால் பால் வடியும். பின்னது அமெரிக்காவுக்குரியது, கொலம்பஸுக்குப் பின் கடல் கடந்து வந்தது, அதில் பால் இல்லை. தாவரவியல்படி இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். ஆனால் வறட்சி இரண்டையும் ஒரே பாங்கில் செதுக்கியிருந்தது: சதைப்பற்று, முள், இலையின்மை. வந்த விருந்தாளியைப் பார்த்த தமிழர், தெரிந்த பெயரையே கொடுத்து அழைத்தனர். அடையாளத்துக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தனர். அது சப்பாத்து, அதாவது செருப்பு, என்பாரும் உண்டு. சப்பாத்தி என்பாரும் உண்டு. தென்மாவட்டங்களில் பாம்பின் படம் நினைவுக்கு வர, நாகதாளி என்றார்கள். லின்னேயஸ் கடலுக்குச் செய்ததை நம் மக்கள் கரையிலேயே செய்திருக்கிறார்கள். வடிவம் பெயரைத் தரும், உறவைச் சொல்லாது.

*

மூன்றாவது வினை. எனக்கு மிகவும் பிடித்த ஒப்புமை இதுதான். கள்ளி இரவில் வேலை செய்யும் செடி. பெரும்பாலான செடிகள் பகலில் தம் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலக் காற்றை வாங்கும். வறண்ட நிலத்தில் பகலில் துளை திறந்தால் உள்ளிருக்கும் நீரெல்லாம் போய்விடும். அதனால் கள்ளி பகலெல்லாம் துளைகளை மூடிவைத்து, இரவின் குளிரில் திறக்கிறது. வாங்கிய காற்றை ஒரு புளிப்பான அமிலமாக மாற்றிச் சேமித்து, மறுநாள் வெயில் வந்ததும் அதிலிருந்து உணவு சமைக்கிறது. ஆகவேதான் கள்ளித்தண்டு விடியற்காலையில் புளிப்பு மிகுந்தும் மாலையில் குறைந்தும் இருக்கும்.

ஹாலிமீடாவும் இரவுப்பணிக்காரன்தான். அது புதிய வில்லைகளை இரவில் தள்ளுகிறது. அப்போது அவை வெளுத்திருக்கும். பசுங்கணிகங்கள் இன்னும் வந்திருக்காது. மீன்கள் பெரும்பாலும் பகலில் மேய்பவை. கண்ணால் பார்த்து உண்பவை. இளம் வில்லை இருளின் மறைவில், கசப்பான வேதிப்பொருள்களின் காவலோடு உருவாகிறது. பொழுது விடியும் வேளையில் பழைய வில்லைகளிலிருந்து பசுங்கணிகங்கள் குழல்வழியே நகர்ந்து வந்து புதிய வில்லையைப் பச்சையாக்குகின்றன. இடையில் சுவர் இல்லாததால்தான் இந்தக் குடிபெயர்ச்சி இயலுகிறது. கள்ளியின் பசுங்கணிகம் தான் பிறந்த அறையை விட்டு வெளியேற முடியாது. ஹாலிமீடாவினுடையதோ ஊர் முழுக்கச் சுற்றி வரும்.

இன்னொரு வினையும் பொதுவானது. ஒடிந்த துண்டிலிருந்து முளைத்தல். கள்ளியின் ஒரு தண்டு ஒடிந்து மண்ணில் விழுந்தால் வேர்விட்டுத் தனிச்செடியாகும். ஹாலிமீடாவின் துண்டும் அவ்வாறே. கள்ளியில் காயம்பட்ட இடத்தை அருகிலுள்ள செல்கள் தக்கைபோல் மாறி அடைக்கின்றன. சுவரே இல்லாத ஹாலிமீடா உடைந்தால் உள்ளிருக்கும் பொதுநீர் முழுதும் கடலில் கலந்து அழிய வேண்டுமல்லவா? அப்படி நிகழ்வதில்லை. உடைந்த வாயில் உள்ளிருக்கும் பொருளே திரண்டு அடைப்பாகி நிற்கிறது. சுவர் வேண்டியபோது, வேண்டிய இடத்தில் மட்டும் எழுகிறது.

நான்காவது பயன். கள்ளி நீரைச் சேர்க்கிறது. ஹாலிமீடா சுண்ணாம்பைச் சேர்க்கிறது. நீரில்லாத இடத்தில் வாழ்வது நீரைப் பொதிந்து வைக்கிறது, நீருக்குள்ளேயே வாழ்வது கல்லைப் பொதிந்து வைக்கிறது. கள்ளியின் உடம்பிலும் கால்சியம் உண்டு, ஆக்சலேட் படிகங்களாக. ஹாலிமீடாவில் அது கால்சியம் கார்பனேட். உலர்ந்த எடையில் பெரும்பகுதி அதுவே. பாசி இறந்ததும் வில்லைகள் உதிர்ந்து, வெளுத்து, மணலாகின்றன. பசிபிக்கின் ஃபூனாஃபூட்டி பவளத்தீவில் 1896க்கும் 1898க்கும் இடையில் துளையிட்டுப் பார்த்தவர்கள், காயலின் அடியில் பவளத்தைவிட ஹாலிமீடாவின் எச்சங்கள் மலிந்து கிடப்பதைக் கண்டார்கள். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டுக்குப் பின்புறம் ஹாலிமீடா எழுப்பிய மேடுகள் 6,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருப்பதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னைப் பெருநகரப் பகுதியைப் போல ஐந்து மடங்குக்கு மேற்பட்ட பரப்பு. கட்டியது ‘ஒரு செல்’ உயிர்.

கள்ளியின் பயனோ மனிதப் பேராசையோடு பிணைந்தது. 1780களின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்றை அமைத்தார். கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சியிலிருந்து செஞ்சாயம் எடுத்து, ஸ்பானியரின் ஏகபோகத்தை உடைப்பது நோக்கம். 1795இல் பிரேசிலிலிருந்து வந்த பூச்சி நல்ல சாயம் தரும் இனமன்று; சாயம் தராமல் ஒருவகைக் கள்ளியை மட்டும் தின்று தீர்த்தது. பின்னர் வேறொரு வகைக் கள்ளி தென்னாட்டில் காடாய்ப் பரவ, 1926ஐ ஒட்டி இலங்கை வழியாக மற்றொரு கொச்சினீல் இனத்தைக் கொண்டுவந்து அதை அடக்கினார்கள். ஆஸ்திரேலியாவில் 1920களில் 2 கோடியே 40 லட்சம் ஹெக்டேர் நிலம் கள்ளியின் வசம் இருந்தது.

ஒன்று நிலத்தை உண்டாக்கியது. மற்றொன்று நிலத்தைக் கைப்பற்றியது. பயனில் மட்டும் ஒப்புமை முறிகிறது.

*

உவமைக்கு ஆகும் பொருள் உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது தொல்காப்பியரின் விதி. லின்னேயஸ் கள்ளியை உவமையாக்கிப் பாசிக்குப் பெயரிட்டார். அப்படியானால் கள்ளி உயர்ந்ததா? பள்ளியில் படித்த எவரும் தயங்காமல் ‘ஆம்’ என்பார்கள். ஒருசெல் உயிரி கீழ்நிலை. பலசெல் உயிரி மேல்நிலை. மந்தபுத்திக்காரனை அமீபா என்று கேலி செய்வது மாணவர் வழக்கம். இந்த மேல் கீழ் அடுக்கு எங்கிருந்து வந்தது?

செல் என்பது கட்டடத்தின் செங்கல் போன்றது, செங்கற்கள் சேர்ந்து வீடாவதுபோல் செல்கள் சேர்ந்து உடம்பாகின்றன என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். 1838லும் 1839லும் ஷ்லைடனும் ஷ்வானும் வகுத்த செல் கோட்பாட்டின் வழிவந்த உவமை இது. கற்பிக்க எளிதானது. ஆனால் உவமை நாளடைவில் உண்மையின் இடத்தில் ஏறி அமர்ந்துகொண்டது. ஒரு செங்கல் வீடாக முடியாது. எனவே ஒரு செல் எதுவாகவும் பெரிதாக ஆக முடியாது என்ற முடிவுக்கு மனம் தானாகவே போய்விடுகிறது. ஹாலிமீடாவோ வீட்டை முதலில் எழுப்புகிறது, செங்கல்லே வைப்பதில்லை. வடிவம் என்பது செல்களின் கூட்டலன்று, உயிரின் முழுமைதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது, செல்லாகப் பிரிவது அதற்குப் பின் நிகழும் உள்ளேற்பாடு என்ற கருத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியத் தாவரவியலார் டி பாரி முன்வைத்தார். 1991இல் காப்ளன், ஹாகெமன் என்னும் இருவர் அக்கருத்தை மீண்டும் எழுப்பியபோது ஹாலிமீடாவின் உறவினமான இன்னொரு சுவரில்லாப் பாசியைத்தான் சாட்சிக்கு அழைத்தார்கள்.

இலக்கிய மாணவர்களுக்கு இந்த வழக்கு பழகியதுதான். சொற்கள் சேர்ந்து வரியாகி, வரிகள் சேர்ந்து செய்யுளாவதாக இலக்கணம் அடுக்கிக் காட்டுகிறது. எழுதுபவரோ பெரும்பாலும் முழுமையின் ஓசையை முதலில் கேட்கிறார். சொற்கள் பிறகு அதற்குள் வந்து பிரிகின்றன.

சுவரில்லாமைக்கு ஒரு விலையும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஹாலிமீடா இனப்பெருக்கம் செய்யும்போது தன் உள்ளுயிர் அனைத்தையும் ஒரே இரவில் விளிம்புக்குத் திரட்டி, விடியலில் சில நிமிடங்களுக்குள் கடலில் விட்டுவிடுகிறது. எஞ்சுவது வெறும் வெள்ளைக்கூடு. கள்ளியோ பூத்து, காய்த்து, அடுத்த ஆண்டும் நிற்கும். அறைகளாகப் பிரிந்திருப்பவன் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு மீதியில் வாழலாம். பிரியாதவனுக்குக் கொடுப்பதென்றால் முழுதும் கொடுப்பதுதான். இவை இரண்டு வாழ்முறைகள். இவற்றில் மேலும் கீழும் எங்கே இருக்கின்றன? உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்த தொல்காப்பிய மரபியல்கூட உடம்பின் அளவையோ கூறுகளின் எண்ணிக்கையையோ அளவுகோலாகக் கொள்ளவில்லை என்பதை நினைவில் கொள்ளலாம்.

*

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ‘செல்’ என்பது சிற்றறை. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்ட வெற்றறைகளுக்கு இட்ட பெயர். அவர் பார்த்தது உயிரற்ற சுவர்களை மட்டுமே. தமிழ்நாட்டில் பாடநூல்கள் ‘செல்’ என்றே எழுதுகின்றன. தமிழாக்க விரும்புவோர் ‘உயிரணு’ என்கிறார்கள். ‘கண்ணறை’ என்போரும் உண்டு.

உயிரணு என்ற சொல்லில் மூன்று குறைகளைக் காண்கிறேன். முதலாவது, அணு என்றால் மிகச்சிறியது, பிரிக்க இயலாதது என்ற பொருள் நம் மொழியில் ஊறிப்போயிருக்கிறது. ஒரு சாண் நீளப் பாசியை ‘ஓர் உயிரணு’ என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். இரண்டாவது, வேதியியலில் அணு என்ற சொல் ஏற்கெனவே வேறு வேலையில் அமர்ந்திருக்கிறது. உயிரின் அணு என்றதும், பொருள் அணுக்களால் ஆவதுபோல் உயிர் உயிரணுக்களால் ஆவதாக அதே செங்கல் உவமை பின்வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது. மூன்றாவது, தமிழ்நாட்டு நாளிதழ்களிலும் மருத்துவமனை விளம்பரங்களிலும் உயிரணு என்றால் ஆணின் விந்தணு என்று பொருளாகிவிட்டது. வகுப்பில் இச்சொல்லைச் சொன்னதும் பின்வரிசையில் எழும் சிரிப்பை ஆசிரியர்கள் அறிவார்கள்.

கண்ணறையும் சிற்றறைதான், சுவரில்லாத உயிருக்கு அறை என்று பெயரிடுவது பொருந்தாது.

இலங்கையில் தமிழ்வழியில் அறிவியல் பயில்வோர் உயர்தர வகுப்புவரை ‘கலம்’ என்கிறார்கள். கலங்கள் சேர்ந்தால் இழையம். நாம் திசு என்பது. கலம் என்பதன் பொருள்களை எண்ணிப் பாருங்கள். உண்கலம் பாத்திரம். மரக்கலம் கப்பல். அணிகலம் நகை. பன்னிரண்டு மரக்கால் கொண்ட நெல்லளவையும் கலம். கைக்குள் அடங்குவதும் கலம். நூறு பேரைச் சுமந்து கடல் கடப்பதும் கலம். அளவைப் பற்றி இச்சொல் எதையும் முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. தன்னுள் ஒன்றை ஏந்தி நிற்பது என்ற ஒன்றை மட்டுமே சொல்கிறது. உயிரியலில் செல் என்பதும் அதுதானே? ஒரு மென்சவ்வு, அது ஏந்தி நிற்கும் உயிர்ப்பொருள். கள்ளியை ‘பலகல உயிர்’ என்றும் ஹாலிமீடாவை ‘ஒருகல உயிர்’ என்றும் சொன்னால் எதுவும் இடறவில்லை. நெய்தல் நிலத்து உயிருக்குக் கலம் என்று பெயர் சொல்வது காதுக்கும் இனிது.

இதில் நாம் கடன் வாங்குகிறோம் என்று கூச வேண்டியதும் இல்லை. தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல் ‘மின்கலம்’ என்று எழுதிப் பல காலமாகிறது. சூரிய ஒளியை மின்சாரமாக்குவது ‘சூரிய மின்கலம்’. எங்கள் தொழிற்பட்டியில் மின்வாகனங்களையும் மின்கலங்களையும் பற்றிய பேச்சு டீக்கடைவரை வந்துவிட்டது. அதே ஆங்கிலச் சொல்லுக்கு இயற்பியல் பாடவேளையில் கலம் என்று ஒரு தமிழ். மணி அடித்து உயிரியல் பாடவேளை வந்ததும் செல் அல்லது உயிரணு. ஒரே மாணவன் ஒரே நாளில் இரண்டு மொழி பேச வேண்டியிருக்கிறது. பாதித் தூரம் வந்துவிட்டு மீதிப் பாதியில் நிற்கிறோம்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளையும் பார்ப்போம். செல் என்பதே எல்லோருக்கும் புரிகிறதே, மாற்றுவானேன் என்பது முதல் மறுப்பு. அலைபேசிக்கும் செல், சிறைக்கொட்டடிக்கும் செல், ‘போ’ என்று ஏவுவதற்கும் செல் என்றிருக்கும் மொழியில் அது அத்தனை தெளிவான சொல்லன்று. ஆனாலும் பேச்சில் செல் இருந்துவிட்டுப் போகட்டும்; அதை விரட்ட நான் கொடிபிடிக்கவில்லை. தமிழ்ச் சொல் வேண்டும் என்று முடிவெடுத்து எழுதும் இடத்தில் உயிரணுவை விட்டுக் கலத்தை எடுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இரண்டாவது மறுப்பு அறிவியலாரிடமிருந்து வரும். எண்ணற்ற உட்கருக்கள் கொண்ட ஹாலிமீடாவை ஒருசெல் என்று சொல்வதே சரியா? பல செல்கள் சுவர்களை இழந்து ஒன்றானதாகச் சொல்லலாமே? நியாயமான கேள்வி. 1892இல் ஜூலியஸ் சாக்ஸ் இத்தகைய பாசிகளை மனத்தில் வைத்துத்தான், செல் என்ற சொல்லே தவறான வழிகாட்டி என்று கருதி, ஒவ்வோர் உட்கருவும் அது ஆளும் பகுதியும் சேர்ந்ததற்கு வேறொரு பெயரை முன்மொழிந்தார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை; கேள்வி நிலைத்தது. உள்ளே எத்தனை உட்கரு என்பது வேறு, ஏந்தி நிற்கும் பாத்திரம் எத்தனை என்பது வேறு. ஒரே கப்பலில் ஆயிரம் பேர் பயணம் செய்யலாம், கலம் ஒன்றுதான். உயிரணு என்ற சொல்லால் சொல்லிப் புரியவைக்க முடியாத ஒன்றைக் கலம் என்ற சொல் தன் பொருளாலேயே விளக்கிவிடுகிறது.

மூன்றாவது மறுப்பு, சொல்லில் என்ன இருக்கிறது என்பது. இருக்கிறது. இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் (1886–1963) சென்னையில் இருந்துகொண்டே பாசிகளை ஆராய்ந்தவர். குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி அவர் எழுதியது 1927இல் சென்னை அருங்காட்சியகத்தின் வெளியீடாக வந்தது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் நம் கடற்கரையிலேயே உலகத்தரமான அறிவு விளைந்தது. அது ஆங்கிலத்தில் விளைந்து ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டது. மறைமலையடிகள் தனித்தமிழைத் தொடங்கிய அதே 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழில் அறிவியல் சொற்களை உருவாக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். ஒருவர் தூய்மைக்காக, மற்றவர்கள் பயன்பாட்டுக்காக. இருவழியும் சேர வேண்டிய இடத்தில் நாம் சேர்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிமாணவர் நெடுங்காலமாகப் புழங்கிவரும் ஒரு சொல், பாக் நீரிணையின் இக்கரைக்கு இன்னும் வந்து சேரவில்லை. நீரிணையின் இரு கரைப் பிள்ளைகளும் ஒரே கடலை ஒரே மொழியில் படிக்கட்டுமே.

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து எங்கள் பகுதிக் கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகளில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். அறிவியல் தங்களுக்கு அந்நியமானது, தங்கள் மொழிக்கு அது எட்டாது என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். அவர்களிடம் செல் என்று சொல்லி மனப்பாடம் செய்ய வைக்கலாம். கலம் என்று சொன்னால், அவர்கள் பாட்டி வீட்டில் கண்டதும், சங்கப்பாடலில் படித்ததும், தொழிற்சாலையில் அண்ணன் கையாள்வதும், தம் உடம்பில் இருப்பதும் ஒரே சொல்லின் கீழ் வந்து கூடும். அறிவு இப்படிக் கூடும்போதுதான் தமதாகிறது. அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தின்போது நம் கலைச்சொல் வல்லுநர்கள் இதை எடுத்துப் பேச வேண்டும். அதற்குக் காத்திராமல், அறிவியல் எழுதும் நண்பர்கள் இன்றே கலம் என்று எழுதத் தொடங்கலாம். முதல் இரண்டு முறை அடைப்புக்குள் செல் என்று போட்டுக்கொள்ளுங்கள், மூன்றாம் முறை அது தேவைப்படாது.